நாலு மாடிக் கட்டடத்தின் பதின்மூன்றாம் மாடி

உப்போடைப்பட்டியில் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை வரும், சில சமயம் பதினொரு நாள் ஆகும், காலையில் வரும், உச்சி வெயிலில் வரும், தெருவே கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்திருக்கும்போது வரும், வந்தது தெரிந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் முக்கால் மணி நேரம் முடிந்து குழாய் தொண்டையைச் செருமிவிட்டு அடங்கிவிடும். அந்த ஊரில் முப்பிடாதி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போனால் உப்பு எங்கே விளைகிறது என்பதிலிருந்து தொடங்குவாள், கொடுக்கிறவர்கள் உப்போடு உட்கார ஒரு மணைப்பலகையும் எடுத்துப் போடுவார்கள்.

அவளுடைய அம்மா வெயிலுகந்தாள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை பார்த்தாள். தண்ணீர் வரும் என்று தெருவில் பேச்சு அடிபடும் நாளில் வேலைக்குப் போகாமல் குழாயடியில் உட்கார்ந்திருப்பாள், அன்றைக்கு வராது. மறுநாள் வேலைக்குப் போவாள், அன்றைக்கு வரும். இப்படியே மூன்று மாதம் போனதில் சூபர்வைசர் கூப்பிட்டு, "அக்கா, இன்னொரு நாள் லீவு போட்டீகன்னா அப்படியே வீட்ல இருந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

முப்பிடாதி நெடுஞ்சாலை ஓரத்து வரதம்மாள் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படித்தாள். தண்ணீர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் குழாயில் 'உஸ்' என்று காற்று வருவதை அவள் ஒருநாள் கவனித்தாள். ஊரில் எல்லோரும் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்தான் அது. அவள் ஒரு குக்கர் விசிலை எடுத்து, உடைத்து, ஒட்டி, உள்ளே ஒரு சின்ன ரப்பர் பந்தைப் போட்டு, தெருக் குழாயின் தலையில் மாட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்தாள். காற்று வந்தால் அது இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஊதும். செய்வதற்கு மூன்று நாள்தான் ஆனது. அதைப் பற்றிச் சொல்லி முடிப்பதுதான் அவளால் ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் கல்லூரியில் போட்டி அறிவித்தார்கள். நாற்பத்திரண்டு கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வருவார்கள், கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றின் முதலாளியம்மா நடுவர், ஜெயிக்கிறவர்களின் கண்டுபிடிப்பைக் கம்பெனியே செய்து அவரவர் ஊரில் பொருத்திக் கொடுக்கும். எலிவேட்டர் பிட்ச் என்று நோட்டீசில் போட்டிருந்தது, லிப்டில் போகிற நேரத்துக்குள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்கு அப்படி ஒரு பெயர். பொறுப்பாசிரியர் எட்வின் எதையும் அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர். ஆகவே, நடுவரோடு லிப்டில் ஏறிக் கீழ்த்தளத்தில் பேச ஆரம்பித்து, அறுபது வினாடிக்குள் நாலாம் மாடியில் கதவு திறக்கும்போது முடித்திருக்க வேண்டும் என்று விதி எழுதினார். கல்லூரி லிப்ட் எங்கோ இடித்த லாட்ஜிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது, இழுத்து மூடுகிற இரும்புக் கதவு போட்டது, ஒரு மாடிக்குப் பதினைந்து வினாடி என்று அலுங்காமல் ஏறும். அதனால் கணக்கு சரியாக வந்தது.

முதல் ஒத்திகைக்கு முப்பிடாதியும் அவளுடைய தோழி ஜெபசெல்வியும் போனார்கள். ஜெபசெல்வி கையிலிருந்த போனில் ஸ்டாப்வாட்ச் ஓடியது. லிப்ட் ஆபரேட்டர் சங்கிலிபூதம் ஸ்டூலில் உட்கார்ந்து நாலாம் எண்ணை அழுத்தினார். முப்பிடாதி தொடங்கினாள். உப்போடைப்பட்டியின் தண்ணீரைச் சொன்னாள், தீப்பெட்டி ஆபீசில் அம்மா வாங்கிய பேச்சைச் சொன்னாள், பெரியம்மா தலையில் சோப்புப் போட்ட நேரத்தில் வாளி காலியானதையும் கண்ணெரிச்சலோடு அவர் நாலு வீடு தேடிப் போனதையும் சொன்னாள், குடத்தை முந்தி வைத்ததில் இரண்டு குடும்பம் ஏழு வருடம் பேசாமல் இருப்பதைச் சொன்னாள், தள்ளிப்போன வளைகாப்பைச் சொன்னாள், காற்றைச் சொன்னாள், கண்டக்டர் விசில், போலீஸ் விசில், பலூன் விசில் என்று முயன்று பார்த்த அத்தனை விசிலையும் ஊதிக் காட்டினாள், அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த நாயைச் சொன்னாள், ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னாள், கடைசியில் தாளாளர் கோதண்டபாணி அய்யாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லி மூச்சு விட்டாள்.

"மூணு நிமிசம் பதினஞ்சு செகண்டு," என்றாள் ஜெபசெல்வி.

"நாலு தாண்டி ரொம்ப நேரமாச்சு தாயி," என்றார் சங்கிலிபூதம். "பதிமூணுல நிக்கோம்."

கதவைத் திறந்தார். மற்ற மாடிகளில் இருப்பது போலவே நீளமான வராந்தா, அதே சாம்பல் நிறத் தரை, அதே பினாயில் வாசனை, அதே நீலத் துணி ஒட்டிய நோட்டீஸ் போர்டு. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நெடுஞ்சாலை நூல் மாதிரியும் லாரிகள் தீப்பெட்டி மாதிரியும் தெரிந்தன, காற்று அள்ளிக்கொண்டு போயிற்று.

"காத்து நல்லாருக்கு," என்றாள் ஜெபசெல்வி. "ஆனா ரெண்டேகால் நிமிசம் வெட்டணும்ட்டி."

வெளியே நின்று பார்த்தால் கட்டடம் பழையபடி நாலு மாடிதான். படிக்கட்டும் நாலாம் மாடியோடு நின்றது. ஆனால் சங்கிலிபூதம் மறுநாள் மார்க்கர் பேனாவால் லிப்டின் தகரத்தில் ஐந்திலிருந்து பதின்மூன்று வரை வட்டம் போட்டு எண் எழுதினார், அழுத்தினால் அந்தந்த மாடிக்கு ஒழுங்காகப் போயிற்று. இரண்டு நாளில் கல்லூரி அங்கே குடியேறிவிட்டது. இடமில்லாமல் வாகன நிறுத்தத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த எம்.பி.ஏ. துறை ஆறாம் மாடிக்குப் போனது, கேன்டீன் நடத்துகிற பேராட்சி காற்றோட்டம் பார்த்து ஏழாம் மாடியில் அடுப்பை வைத்தார், விடுதிப் பெண்கள் பதினொன்றாம் மாடியில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், தாளாளர் தன் மேசையையும் சுழல் நாற்காலியையும் பதின்மூன்றாம் மாடிக்கு ஏற்றினார். கட்டட அனுமதி பார்க்கிற அதிகாரி ஒருவர் டேப்போடு வந்து வெளியே நாலு எண்ணினார், உள்ளே போய்ப் பதின்மூன்று எண்ணினார், பேராட்சியிடம் இரண்டு உளுந்தவடை சாப்பிட்டார், 'கட்டடம் விதிப்படி உள்ளது. உட்புறம் சற்று தாராளமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தாளாளருக்கு ஆசை வந்தது. தானே பேசினால் என்ன என்று ஒரு சனிக்கிழமை லிப்டில் ஏறி, கல்லூரியை ஆரம்பித்த வரலாற்றை நாற்பது நிமிடம் சொன்னார். லிப்ட் அறுபதாவது வினாடியில் நாலாம் மாடியில் மரியாதையாக நின்று கதவுப் பக்கம் லேசாகக் குலுங்கியது. மீதி முப்பத்தொன்பது நிமிடத்தையும் சங்கிலிபூதம் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டு முடித்தார்.

அதன்பிறகு தாளாளர் முப்பிடாதியை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நல்லாப் பேசுறம்மா. இன்னும் கொஞ்சம் விரிவாப் பேசலாமே? இருபத்தஞ்சு மாடி வரைக்கும் போனா நம்ம காலேஜை பல்கலைக்கழகமாவே ஆக்கிரலாம்."

"சார், போட்டிக்கு ஒரு நிமிசம்தான் சார்."

"போட்டி கெடக்கு. சிறந்த மாணவி விருது இந்த வருசம் உனக்குத்தான், நான் சொல்றேன்."

அவள் சரி என்றும் இல்லாமல் முடியாது என்றும் இல்லாமல் தலையை ஆட்டிவிட்டு ஜெபசெல்வியைத் தேடிப் போனாள்.

வெட்டுவது அவளுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. முதலில் நாயை எடுத்தார்கள். நாய் இல்லாமல் பேசிக்கொண்டு லிப்டில் ஏறினாள், பன்னிரண்டோடு நின்றது, பதினொன்றாம் மாடி போய் மேலே இருந்தவை ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கிக்கொண்டன. கொடியில் காய்ந்த துணிகளெல்லாம் நாலாம் மாடி வராந்தாவில் மடித்து அடுக்கியிருந்தன, எப்போதோ தொலைந்துபோன ஒற்றைச் சாக்ஸ்கள்கூட ஜோடி சேர்ந்து கிடந்தன. அப்போதுதான் கல்லூரிக்கே விஷயம் புரிந்தது. எந்த மாடி எந்த வரியில் நிற்கிறது என்று எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். எம்.பி.ஏ. துறைத் தலைவர் வந்து, கேட்பவர் மனதைத் தொடுவதற்குப் பெரியம்மாவின் கண்ணெரிச்சல் மிக அவசியம் என்று படம் வரைந்து விளக்கினார். பத்தாம் மாடியில் குடியேறியிருந்த தேர்வுப் பிரிவுக்காரர்கள் வந்து பலூன் விசிலை ஏன் இன்னும் விரிவாகச் சொல்லக்கூடாது என்று கேட்டார்கள். பேராட்சி கையில் தேங்காய்ச் சட்னி வாசனையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, கொடச் சண்டைய எடுக்கப் போறியாமே?"

"ஜெபசெல்வி எடுக்கச் சொல்றாக்கா."

"எடுத்துராத தாயி. பொகை வெளிய போற மாதிரி ஒரு எடம் எனக்கு இப்பத்தான் அமைஞ்சிருக்கு. அந்த ரெண்டு குடும்பமும் சண்டை போட்டதுல எனக்காவது ஒரு நல்லது நடந்துச்சுன்னு இருக்கட்டும்."

முப்பிடாதி ஜெபசெல்வியிடம் போய், "ஒவ்வொரு வரியிலயும் ஆள் இருக்காகட்டி, எப்படி எடுக்க?" என்று கேட்டாள்.

"முன்னாடியும் ஆள் இருந்தாகதான? உங்க பெரியம்மா, உங்க தெருக்காரங்கன்னு. அதனாலதான் அப்பவும் நீ எடுக்கல," என்றாள் ஜெபசெல்வி.

போட்டிக்கு மூன்று நாள் இருந்த செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு, முப்பிடாதி தாளாளரின் ஆசைக்காக வளைகாப்பை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உப்போடைப்பட்டியில் தண்ணீர் வந்தது. வெயிலுகந்தாள் தீப்பெட்டி ஆபீசில் இருந்தாள். முப்பிடாதியின் விசில் அவளுடைய பையில், பேச்சு எழுதிய பன்னிரண்டு தாளுக்கு அடியில் இருந்தது.

சாயங்காலம் கல்லூரி வாசலில் அம்மா நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். காவலாளியிடம் கேட்டுவிட்டு கல்லூரி போர்வெல் குழாயில் தண்ணீர் பிடித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்தின் சிவப்பு.

"யம்மா, நீ ஏன் வந்த? என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"போன் எடுக்கலையே நீ. பேசிப் பழகிக்கிட்டிருந்தியாமே." குடத்தின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "நல்லாப் பேசு. நான் பஸ்ஸுல போயிருவேன்."

தண்ணீர் தளும்பாமல் இருப்பதற்காக அவள் மிக மெதுவாக நடந்து போனாள். நிறுத்தத்துக்குப் போவதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. முப்பிடாதி ஓடிப்போய் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு கூடவே நின்றாள், அடுத்த பஸ் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அவள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.

மறுநாள் காலையில் முப்பிடாதி லிப்டில் ஏறி ஒவ்வொரு மாடியாக இறங்கி எல்லோரிடமும் நேரில் சொன்னாள். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாவற்றையும் வெட்டப் போகிறேன், சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கோபப்பட்டவர்கள் கோபப்பட்டார்கள். எம்.பி.ஏ. துறைத் தலைவர் அவளுக்கு வியாபார அறிவே இல்லை என்றார். பேராட்சி அடுப்பை அணைத்து, மிச்சமிருந்த பாலையெல்லாம் டீ போட்டு, வீடு காலி செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். தாளாளர் மட்டும் சுழல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நாலரை மணிக்கு நாலாம் மாடி வராந்தாவில், மடித்துவைத்த தன் மேல்துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே நாற்காலியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கான நன்றி வரி போயிருந்தது.

இப்போது பேச்சு சரியாக அறுபது வினாடி. முதலில் விஷயம், அது நாலு வரி. அதன்பின் எட்வின் சார் எழுதிக் கொடுத்தது, சந்தை வாய்ப்பு, வளர்ச்சிப் பாதை, ஐந்தாண்டு இலக்கு என்று. லிப்ட் நாலாம் மாடியில் நச்சென்று நின்றது. எட்வின் சார் கை தட்டினார்.

வெள்ளிக்கிழமை நடுவர் நாச்சம்மாள் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், பருத்திப் புடவை, கழுத்தில் தாலிச் சங்கிலியோடு ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்கியது. பம்பு மோட்டார் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே பழுது சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். நாற்பத்தொரு பேர் அவரோடு லிப்டில் ஏறினார்கள், நாற்பத்தொரு பேரும் உலகத்தை மாற்றப்போவதாகச் சொன்னார்கள், நாற்பத்தொரு தடவையும் அவர், "சரிங் கண்ணு" என்று சொல்லி மறுபடி கீழே வந்தார். கடைசியாக முப்பிடாதியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கதவை இழுத்து மூடினார் சங்கிலிபூதம். லிப்ட் கிளம்பியது.

"எங்க ஊர்ல தண்ணி ஒம்பது நாளைக்கு ஒருக்கா வரும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது," என்றாள் முப்பிடாதி. "அதுக்காகக் காத்துக் கெடந்தே எங்கம்மாவுக்கு வேலை போகப் பாக்குது. தண்ணிக்கு முன்னாடி குழாய்ல காத்து வரும். அந்தக் காத்துல ஊதுற மாதிரி இந்த விசிலைச் செஞ்சிருக்கேன்."

விசிலை நடுவர் கையில் கொடுத்தாள். இருபது வினாடி ஆகியிருந்தது. அடுத்து சந்தை வாய்ப்பு. வாயைத் திறந்தாள். சிவந்த விரல்கள் குடத்தின் வாயைத் துடைத்தது கண்ணுக்குள் வந்தது. சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படித் தெரிந்ததால் அது என்ன உணர்ச்சி என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. வாயை மூடினாள். ஒன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், சுவரைப் பார்த்துக்கொண்டு, லிப்ட் நின்றது.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" என்றார் நாச்சம்மாள்.

"இல்லைங்கம்மா. இந்தப் பிள்ளை பேசுனாத்தான் ஏறும்," என்றார் சங்கிலிபூதம். பிறகு முப்பிடாதியிடம் குனிந்து, "ஏதாச்சும் பேசு தாயி. நாயைச் சொல்லு, நல்லாருந்துச்சுல்ல," என்றார்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஸ்டாப்வாட்ச் அறுபதைத் தாண்டியது. நாச்சம்மாள் அதைப் பார்க்கவில்லை. விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வந்தா இது வழியா பீச்சாதா கண்ணு?"

"உள்ள பந்து இருக்குங்கம்மா. தண்ணி வந்ததும் மிதந்து ஓட்டையை அடைச்சிரும்."

லிப்ட் ஒரு சாண் ஏறியது. நாச்சம்மாள் விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தம் அந்த இரும்புக் கூட்டுக்குள் சுற்றிவிட்டு அடங்கியது. அவர் பேச ஆரம்பித்தார்.

"நான் கல்யாணமாயி வந்த வீதியில இதே கதைதானுங்க கண்ணு. ஒரு நா தண்ணிக்கு நிக்கறப்போ எங்கப்பா என்னைப் பாக்க வந்திருக்காரு, வீடு பூட்டியிருக்குன்னு தின்பண்டத்தைக் கதவுல மாட்டிப்போட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் அவரைப் பாக்க எனக்குக் குடுத்து வெக்கலை..."

லிப்ட் ஏறியது. நாலாம் மாடியில் நாற்பத்திரண்டு கல்லூரியும் தாளாளரும் எட்வின் சாரும் பூங்கொத்தோடு நின்றிருந்தார்கள். இரும்புக் கதவின் கம்பிகளுக்குள், கையை வீசி வீசிப் பேசுகிற நடுவர் அவர்கள் கண் முன்னால் கீழேயிருந்து வந்தார், முகம், இடுப்பு, செருப்பு என்று வரிசையாகத் தெரிந்து மேலே போனார். கோயம்புத்தூர் பேச்சு கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. இருபது நிமிடம் கழித்து லிப்ட் இறங்கி வந்தது. நாச்சம்மாளின் கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது.

"நாப்பத்தொண்ணாம் மாடிங்க," என்று தாளாளரிடம் சொன்னார் சங்கிலிபூதம்.

மற்றவர்கள் பேசியபோது லிப்ட் ஏன் அப்படி ஏறவில்லை என்று பலர் கேட்டார்கள். "அவுகளும் நல்லாத்தான் பேசுனாக. ஆனா பட்டன்தான் ஏத்துச்சு," என்றார் அவர்.

விதி விதிதான். அறுபது வினாடியில் நாலாம் மாடிக்கு வராததால் முப்பிடாதிக்குப் பரிசு இல்லை. தண்ணீர் குடிக்க மறந்துபோகிறவர்களுக்கு ஞாபகப்படுத்துகிற ஆப் ஒன்றைச் செய்த பையனுக்கு முதல் பரிசு கிடைத்தது. முப்பிடாதி அவனுக்குக் கை தட்டினாள், தட்டும்போதே அழுகை வந்தது, ஜெபசெல்வி அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், பேராட்சி புகைக்குள்ளிருந்து இரண்டு டீயை நீட்டினார்.

தாளாளர் மட்டும் உற்சாகமாக இருந்தார். முப்பத்தேழு மாடி அதிகம் கிடைத்திருந்தது. ஆனாலும் இன்னொருவருடைய மாடி என்பதால் முறையாக அனுமதி கேட்டு நாச்சம்மாளுக்குக் கடிதம் போட்டார். 'யாரும் குடியேற வேண்டாம். வாரம் ஒருக்கா கூட்டி மட்டும் விடுங்க' என்று பதில் வந்தது. அதை மீறத் தாளாளருக்கு மனம் வரவில்லை, அல்லது அடுத்த வருடப் போட்டிக்கும் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஏறிப் போய்வந்தார்கள்.

அந்தக் கடிதம் வந்த வாரமே வேறொன்றும் நடந்தது. பம்பு கம்பெனியின் ஃபிட்டர்கள் இரண்டு பேர் பெரிய பெட்டியோடு உப்போடைப்பட்டியில் இறங்கி, பரிசோடு இதற்குச் சம்பந்தமில்லை, அம்மா சொன்னார்கள் என்று மட்டும் சொல்லி, பதினெட்டுத் தெருக் குழாயிலும் பித்தளையில் வார்த்த விசிலை மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆறாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பதினெட்டு விசிலும் ஊதின. தீப்பெட்டி ஆபீசில் சூபர்வைசர் நோட்டிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் பாதிப் பேர் இடத்தில் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஈரச் சேலையோடு எல்லோரும் திரும்பி வந்து அவரவர் பலகையில் உட்கார்ந்து பெட்டியை அடைத்தார்கள், சூபர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், தன் வீட்டிலும் தண்ணீர் பிடித்தாயிற்றா என்று போன் போட்டார்.

வேலை விட்டு வந்த வெயிலுகந்தாள், நிறைந்த அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அந்த அம்மா அம்புட்டுத் தூரத்துல இருந்து ஆள் அனுப்பியிருக்காகளே, அவுககிட்ட அப்படி என்னதான் பேசுன?"

"நாலு வரிதாம்மா."

"யாரு?"

"நான்தான்."

"நாலு வரியா? நீயா?"

வெயிலுகந்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தண்ணீர் தளும்பித் தரையில் விழுந்தது, அதைப் பற்றி இன்றைக்குக் கவலை இல்லை என்பதால் இன்னும் சிரித்தாள். "ஏ சீனியம்மா, இங்க வா, இந்தக் கூத்தக் கேளு" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். சீனியம்மாவும், அவள் மருமகளும், எதிர்வீட்டுக்காரர்களும் அவரவர் உட்கார ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"சொல்லு, என்ன நாலு வரி?"

முப்பிடாதி சொல்ல ஆரம்பித்தாள். தெருவிளக்கு எரிந்த பிறகும் அவள் இரண்டாவது வரியில்தான் இருந்தாள்.